பொட்டு வைத்த பென்டிரைவ்

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். வாசலில் உள்ள ஏழு பூச்சட்டிகளில் கூரைக்கு அடியில் இருந்த நான்குக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினேன். மற்ற மூன்றும் இரவு மழையில் நனைந்திருந்தன. ஏழு மணிக்குக் கோப்பி. ஏழு நாற்பதுக்கு மனைவியைக் கோல சிலாங்கூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். சரியாக ஒன்பது மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தேன்.

அது பன்னிரண்டு வருடப் பழசு. நான் ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர். சனி, ஞாயிறுகளில் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பேன், மலாய்க் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அவர்களுடைய காகிதங்களை ஸ்கேன் செய்து, ஆளுக்கு ஒரு கோப்பாக அந்தக் கணினியில் வைத்திருந்தேன். பிறருடைய பத்திரங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்வதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை என்பது என் கட்டுப்பாடு.

அப்படி வைத்திருந்தவற்றில் ஒன்று, பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், அதாவது லயத்தில், பிறந்த ஒரு பெண்ணுடையது. வயது நாற்பத்தொன்று. பிறப்பு பதியப்படவில்லை, ஆகவே இன்றுவரை அடையாள அட்டை இல்லை. இன்ன தேதியில், இன்ன லயத்தில், இன்னாருக்குப் பிறந்தவர் என்று பழைய தோட்ட ஆபீஸ் கொடுத்த ஒரே ஒரு கடிதம்தான் அவரிடம் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டு ஆபீசும் இடிக்கப்பட்டுவிட்டது. பிறகு வந்த வெள்ளத்தில் அந்தக் கடிதமும், நான் எடுத்துக் கொடுத்திருந்த நகலும் ஒரே பிளாஸ்டிக் பையில் கூழாகிப் போயின. மிஞ்சியது என்னிடம் இருந்த ஸ்கேன். திங்கட்கிழமை காலை அவருக்கு அடையாள அட்டை கொடுக்கும் பதிவிலாகாவில் நேர்முகம். பல வருடம் காத்திருந்து கிடைத்த நேர்முகம் அது. ஞாயிறு பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்து அச்செடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

கணினி சில வாரங்களாகத் தானாக அணைந்து அணைந்து எழுந்தது. பழைய இயங்குதளத்துக்குப் போன மாதத்தோடு புதுப்பிப்பும் நின்றிருந்தது. அச்செடுக்கும் நேரத்தில் படுத்துவிடக் கூடாது என்று புதிய இயங்குதளத்தை ஏற்ற முடிவு செய்தேன். முதலில் அச்செடுத்துவிட்டு ஆரம்பித்திருக்கலாம். ஆனால் டைரியில் சனி கணினி, ஞாயிறு அச்சு என்று வரிசை போட்டிருந்தேன்.

என்னிடம் ஒரே மாதிரி இரண்டு கறுப்புப் பென்டிரைவ்கள். எல்லாக் கோப்புகளையும் ஒன்றில் நகலெடுத்து, ஐந்து வாரத்துக்கு முன் ஆயுத பூசையன்று கணினிக்கு வைத்த கையோடு அதற்கும் குங்குமப் பொட்டு வைத்தேன். மற்றதில் கோயில் திருவிழாப் படங்கள், அதற்குப் பொட்டில்லை. ‘பொட்டுள்ளது கோப்பு, பொட்டில்லாதது படம்’ என்று அன்றே டைரியிலும் எழுதினேன். வெள்ளிக்கிழமை பள்ளிக் கணினியில் பொட்டில்லாததைச் செருகி, அதில் நிறுவல் கோப்புகளை ஏற்றினேன். இதிலுள்ள அனைத்தும் அழியும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன்.

சனிக்கிழமை நிறுவலைத் தொடங்கியதும், இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்று வந்தது. காணொளி ஒன்றைப் பார்த்து அதைத் தாண்டினேன். அடுத்து, வன்தட்டு பிரிக்கப்பட்டிருக்கும் முறை பொருந்தவில்லை என்றது. பழைய பிரிவுகளை எல்லாம் அழித்துவிடச் சொன்னது காணொளி. பொட்டு வைத்த பென்டிரைவ் சட்டைப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டு அழித்தேன். முப்பத்தெட்டு விழுக்காட்டில் நின்றது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி முப்பத்தெட்டு. மூன்றாவது முறைக்குப் பிறகு கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி: இயக்கத் தட்டு இல்லை.

கணினிப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன்.

“என்ன கிராணி சார், மெசினையே தூக்கிட்டு வந்துட்டீங்க? பழச நோண்டாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்லா.”

“மெசின் கெடக்கட்டும் பாய். இதுல ஒரு கோப்பு இருக்கு, அத மட்டும் அச்செடுத்துக் குடுங்க.”

பென்டிரைவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “பொட்டெல்லாம் வெச்சிருக்கு! பொண்ணு பாக்க வந்தாங்களா?” சிரித்துக்கொண்டே தம் கணினியில் செருகினார். தேர், காவடி, அன்னதான வரிசை. இருநூற்றுச் சொச்சம் படங்கள். வேறெதுவும் இல்லை.

கடை வாசலுக்கு வந்து மனைவியை அழைத்தேன்.

“என் மேசையில இருந்த பென்டிரைவத் தொட்டியா?”

“பூசைக்கு மறுநாள் தொடச்சேன். பொட்டு ரெண்டுலயும் ஈஷிக்கிட்டுக் கெடந்துச்சு.”

“பொறவு?”

“பொட்ட அழிச்சிட்டு அப்படியே வுட முடியுங்களா? முன்ன ஒண்ணுலதான இருந்துச்சு. அதான் ஒண்ணுக்கு வெச்சேன்.”

“எதுக்கு வெச்ச?”

“கையில கெடச்சதுக்கு. ரெண்டும் ஒரே மாதிரிதானங்க இருக்கு? ஏன், என்னாச்சு?”

வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன். அவளைக் குறை சொல்ல இடமில்லை. செருகித் திறந்து பார்க்க எனக்கு ஐந்து வாரம் இருந்தது.

பாய் வன்தட்டைக் கழற்றித் தம் கணினியில் மாட்டி, மீட்கும் மென்பொருளை ஓடவிட்டார். இரண்டரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இடையில் நாலைந்து பேர் வந்து போட்டோஸ்டாட் எடுத்துப் போனார்கள். நாலே காலுக்குப் பட்டியல் வந்தது. நான் வைத்த பெயர்கள் நான் வைத்த வரிசையிலேயே இருந்தன. அந்தப் பெண்ணின் கோப்பு பதினேழாவது. பாய் திறந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பக்கம். மற்றொரு மென்பொருளில் முயன்றார். அதே சாம்பல். வெள்ளிக்கிழமை படம் என்று நினைத்து நான் கோப்புகளை அழித்த பென்டிரைவிலும் முயன்றார். அதில் பெயர்கூட வரவில்லை.

“பேரு இருக்கு சார், உள்ள ஆளில்ல. மேல மேல மூணு தடவ எழுதிட்டீங்க. கோலாலம்பூர்ல ஒரு எடம் இருக்கு, அனுப்பலாம். ரெண்டு வாரம் ஆவும். கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்.”

“திங்கக்கெழம வேணும் பாய்.”

பாய் வன்தட்டைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை.

வீட்டில் அந்தப் பெண்ணின் எண்ணைக் கைப்பேசியில் எடுத்து மூன்று முறை மூடி வைத்தேன். அன்றைய டைரியில் தேதிக்குக் கீழே ‘நிறுவல் தோல்வி’ என்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக, கோப்பிகூடக் குடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமைக்கான பாஜு கூரோங் என்ற மலாய் உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “நாந்தான பத்து மணிக்கு வர்றதா இருந்துச்சு, நீங்க எதுக்கு சார்?” என்றார். நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். பென்டிரைவ், பொட்டு, வன்தட்டு எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவருக்கு அதில் ஒன்றுதான் தேவைப்பட்டது.

“அப்ப அந்த லெட்டரு இல்ல.”

“இல்லம்மா.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “நீங்க அதப் படிச்சிருக்கீங்கள்ல?”

“படிச்சிருக்கேன்.”

“தேதி, லயத்து நம்பரு, எங்கம்மா பேரு எல்லாம் ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப நாளைக்கு எங்கூட வாங்க சார். வந்து நீங்களே சொல்லுங்க.”

காகிதம் கேட்கும் இடத்தில் என் வாய்ச்சொல் எடுபடாது என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. வருகிறேன் என்றேன். எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கேட்டார். ஏழு மணி என்றேன்.