ஆனி டீச்சர் கொடுத்த நம்பர்

சாந்தோமில் ஆனி டீச்சரின் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. பங்குப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் மூன்றாம் வகுப்பை அடக்கிய குரல் அது. ஓய்வு பெற்ற மறு மாதமே அதற்கு அடையாறில் வேலை கிடைத்தது. குழந்தைகள், இளையோர் மற்றும் குடும்பங்களுக்கான ஆதரவு வள மையம். பெயர்ப் பலகை முன்சுவரில் அடங்காமல், "வள மையம்" மட்டும் சந்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் கணவர் ஃபிரெட்ரிக் விசாரித்தார்.

"அங்க என்ன உதவி பண்றீங்க?"

"உதவி பண்றவங்க யாருன்னு சொல்லுவோம்."

"நீங்க பண்ண மாட்டீங்களா?"

"அது சர்வீஸ். நாங்க அட்வகஸி."

ஃபிரெட்ரிக் சென்ட்ரல் ஸ்டேஷன் விசாரணைக் கவுண்டரில் இருபது வருடம் உட்கார்ந்தவர். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனியின் மேசையில் ஒரு கையேடு உண்டு. நூற்றுப் பதினாறு அமைப்புகள், வழுவழு தாள், அட்டையில் எந்த நாட்டுக் குழந்தை என்று சொல்ல முடியாத ஒரு குழந்தையின் சிரிப்பு. போன் வரும், ஆனி கஷ்டத்தைக் கேட்பார், பொருத்தமான பக்கத்தைப் புரட்டி நம்பர் சொல்வார், கணினியில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று அழுத்துவார். பச்சை டிக் விழும். பிரச்சினை தீர்ந்தது, அதாவது மையத்தின் பிரச்சினை. மாதக் கடைசியில் அந்தப் பச்சைகளையெல்லாம் திரட்டி இயக்குநர் ஸ்ரீரஞ்சனி ஒரு வரைபடம் போடுவார். அது மேல்நோக்கித்தான் போகும். நகரத்தில் கஷ்டப்படுகிறவர்கள் அந்த விஷயத்தில் மையத்தை ஒருநாளும் கைவிட்டதில்லை.

ஸ்ரீரஞ்சனி மயிலாப்பூர்க்காரர், நல்ல மனுஷி. ஏழைக் குழந்தைகளைப் பற்றி மேடையில் பேசும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கும். ஏழைக் குழந்தை நேரில் வந்தால் மட்டும், முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்பார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்த போனில் ஒரு பெண் மூச்சு விடாமல் பேசினாள். பெயர் லாவண்யா. தி.நகரில் ஜவுளிக்கடை வேலை. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டு, பிடிக்கவில்லை என்று எழுந்து போன புடவைகளை மறுபடி மடித்து வைப்பவள். கடைக்குள் போன் வைத்திருக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணியில்தான் மாடிப்படியில் நின்று பேச முடியும்.

"மேடம், என் பொண்ணு ஸ்நேஹா பத்தாவது படிக்குது. வாயில கேட்டா அத்தனையும் சொல்லிடும். எழுதத்தான் வரல, எழுத்தெல்லாம் இடம் மாறிப் போவுது. பரிச்சையில இவ சொல்லச் சொல்ல வேற ஆளு எழுதலாமாம். அதுக்கு கவர்மெண்டு டாக்டரு சர்டிபிகேட் வோணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள இஸ்கூல்ல குடுக்கலன்னா அவ்ளோதான்னுட்டாங்க."

"இந்த நம்பரை யாரும்மா குடுத்தாங்க?" கணினியில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்ததற்குப் போக முடியாது.

"திருவல்லிக்கேணி ஆபீசு. அவங்கள வேளச்சேரி சொல்லிச்சு. வேளச்சேரிய கொட்டிவாக்கத்துல சொன்னாங்க. இப்டியே எட்டு எடம் மேடம். எட்டு நாளு மதியச் சோறு இல்ல."

"முதல்ல யாருக்குப் பண்ணீங்க?"

"பேரு தெரியாது. பழைய லேண்ட்லைன் நம்பர் ஒண்ணு. டீச்சரு கணக்கா ஒரு அம்மா பேசுச்சு. நிதானமா சொல்றேன், எழுதிக்கோம்மான்னுச்சு. நல்ல அம்மாதான். அதுதான் சுத்த வுட்டது."

அந்த லேண்ட்லைனும் இந்தப் புது உதவி எண்ணும் அடிப்பது ஒரே மேசையில்தான். ஆனி கணினியில் பின்னால் தேடினார். பத்து நாளைக்கு முன்பு: லாவண்யா, தி.நகர், பரிந்துரைக்கப்பட்டது. பச்சை டிக்.

அப்போதுதான் அவருக்கு மற்ற ஏழு டிக்குகளும் உறைத்தன. வேளச்சேரியில் லாவண்யா உழைக்கும் தாயாகியிருப்பாள். கொட்டிவாக்கத்தில் ஸ்நேஹா வளரிளம் பெண். திருவல்லிக்கேணியில் நகர்ப்புற ஏழைக் குடும்பம். எட்டு ஆண்டறிக்கைகளில் எட்டுக் குடும்பங்கள் பயனடைந்துவிட்டன. பாவம், தான் இத்தனை தடவை கரையேறியது லாவண்யாவுக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாய்ப்பாடு வரவில்லை என்றால், நாலாம் வகுப்பு டீச்சரின் நம்பரைக் கொடுத்து ஆனி அனுப்பியதில்லை.

"லாவண்யா, அந்தம்மா நான்தான்."



"அப்டியா மேடம்," என்றாள் லாவண்யா, கோபமே இல்லாமல். "சரி, அடுத்த நம்பரு இன்னா? பேனா கையிலதான் கீது."

திட்டியிருந்தால்கூட ஆனி தாங்கியிருப்பார்.

"கொஞ்ச நேரத்துல சொல்றேன்," என்று வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனார். சீட்டுக் கொடுக்கும் கவுண்டரில் தணிகாசலம் என்கிற நரைத்த மனிதர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"புதன்கிழமை மட்டும்தான்மா. ஏழரைக்குள்ள டோக்கன். இஸ்கூல் லெட்டரு, ரெண்டு போட்டோ, பொண்ணோட பழைய நோட்டு."

"இதை ஏன் யாரும் சொல்லல?"

"யாரு வந்து கேட்டா?"

நூற்றுப் பதினாறு அமைப்புகள் சேர்ந்து கண்டுபிடிக்க முடியாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு, "அடுத்தது" என்றார் அவர். ஆனி அங்கேயே நின்று ஜவுளிக்கடைக்குப் போன் போட்டு, மேனேஜரை மூன்றாம் வகுப்புக் குரலில் கண்டித்து, லாவண்யாவைப் போனுக்கு வரவைத்து விவரம் சொல்லி, அவளுக்கு மறுநாளைக்கு விடுப்பும் வாங்கினார்.

மறுநாள் புதன்கிழமை தி.நகர் மண்டபம் ஒன்றில் கையேட்டின் இரண்டாம் பதிப்பு வெளியீடு. பயனடைந்த குடும்பங்களின் எண்ணிக்கையைக் கணீரென்று வாசிக்க வேண்டியவர் ஆனி. பத்தரைக்கு ஸ்ரீரஞ்சனி கூப்பிட்டபோது அவர் மருத்துவமனை பெஞ்சில், தாய்க்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஆனி மேடம், எங்கே இருக்கேள்? சீஃப் கெஸ்ட் வந்தாச்சு."

ஆனி விஷயத்தைச் சொன்னார்.

"கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா நாம ஒவ்வொருத்தரையா கையைப் பிடிச்சிண்டு அழைச்சிண்டு போனா, சிஸ்டத்தை யார் மாத்தறது?"

"நீங்க மாத்திட்டிருங்க மேடம். இங்க டோக்கன் பதினெட்டு போகுது, எங்களுது இருபது."

"போர்டுல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"பரிந்துரை பண்ணிட்டோம்னு சொல்லுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

டாக்டர் ஸ்நேஹாவை ஐந்து வரி எழுதச் சொன்னார். நெற்றியில் வியர்வை வழிய இரண்டு வரி எழுதினாள். அதையும் அவளால் திருப்பிப் படிக்க முடியவில்லை. அறிவியலில் ஏதாவது பாடம் சொல் என்றார். இதயம் வேலை செய்யும் விதத்தை அவள் சொல்ல ஆரம்பித்தாள். போதும் என்று இரண்டு முறை சொல்லித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

சான்றிதழுக்கு இரண்டு முத்திரை. இரண்டாவது முத்திரை இருந்த அறையை மதியமே பூட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை, இன்னொரு விடுப்பு கிடைக்காத லாவண்யாவுக்குப் பதிலாக, ஆனி தனியாகப் போய் வாங்கினார். வரிசையில் நிற்கும்போது ஸ்ரீரஞ்சனியிடமிருந்து செய்தி வந்தது: திங்கள் முதல் போன் மேசையைப் புதிதாகச் சேரும் ஸ்ரீநாத் கவனித்துக்கொள்வார், ஆனி மேடத்தின் நீண்ட அனுபவம் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தப் பயன்படும். கடைசியில் கைகூப்பும் படம் ஒன்று. ஆனி படித்துவிட்டு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்நேஹாவின் தலைமையாசிரியை விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, சான்றிதழைக் கோத்து, அனுப்ப வேண்டிய கட்டின் மேல் வைத்தார். சொல்லச் சொல்ல வேறு ஆள் எழுதும் பட்டியலில் ஸ்நேஹாவின் பெயர் சேர்ந்துவிட்டது. கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லி வந்திருந்த லாவண்யா, வராந்தாவில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

ஸ்நேஹாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"டீச்சர், எனக்கு எழுதப்போறது யாரு?"

"அவங்களே ஒருத்தரைப் போடுவாங்கம்மா."

"அவங்களுக்கு நல்லா எழுத வருமா? நான் கரெக்டா சொல்லி அவங்க தப்பா எழுதினா, மார்க்கு எனக்குத்தானே போவும்?"

"வாயப் பாரு இதுக்கு," என்றாள் லாவண்யா. "டீச்சரு மூணு நாளா அலைஞ்சுகினு கீறாங்க, இவ கேள்வி கேக்கறா."

"அவ கேக்கறது சரிதான்," என்றார் ஆனி. "உள்ளயே கேட்டுடலாம்." முந்தானையைச் செருகிக்கொண்டு, சாத்தியிருந்த தலைமையாசிரியை அறைக் கதவை மறுபடியும் தட்டினார்.