முகத்துவாரச் சேறும் ஒரு குடம் தண்ணீரும்

சென்ற ஆண்டு தை மாதம், ஒரு காலைப்பொழுது. பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நடந்தது இது.

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், கடலின் உப்பு ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை மாணவர்களுடன் ஆராய்ந்து வருகிறேன். யாரும் சேற்றில் இறங்கக் கூடாது என்பது நான் அவர்களுக்கு இட்ட கண்டிப்பான கட்டளை.

அன்று அவர்களுக்கு முன்பே வந்துவிட்டேன். நீர் வடிந்து கிடந்தது. சற்று உள்ளே சென்றால் ஆய்வுக்குத் தெளிந்த நீர் கிடைக்குமே என்று பாட்டிலுடன் கால் வைத்தேன். பாட்டிலை நிரப்பித் திரும்பும்போது முழங்கால் வரை புதைந்துவிட்டேன். அசைய அசையக் கால் இன்னும் இறங்கியது. நிரப்பிய பாட்டிலைத் தலைக்கு மேலே பிடித்தபடி நின்றேன். தூரத்தில் மாணவர்களின் பேச்சுக் குரல். உயிரைவிட மானமே பெரிதாகத் தோன்றியது.

அங்கே என்னை அடிக்கடி பார்த்திருக்கும் மீன் விற்கும் பெண்மணி ஒருவர், இடுப்பில் குடத்துடன் வந்தார்.

“இன்னா சாரே, இந்த வயசுல நண்டு புட்ச்சிகினு கீற? பாட்டில கீய போட்டுட்டு கைய குடு.”

“கொட்டக் கூடாதும்மா. சாம்பிள்.”

“ஆமா, பெரிய காசித் தீர்த்தம்! இப்டி குடு.”

பாட்டிலைப் பத்திரமாக வாங்கி வைத்துவிட்டு, கரையில் கிடந்த ஒரு துடுப்பை நீட்டி என்னை இழுத்தார். ஒரு செருப்பைச் சேறே வைத்துக்கொண்டது.

“பசங்க என்னை இப்படிப் பார்த்துடக் கூடாது,” என்றேன்.

சிரித்தபடி அருகிலிருந்த தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, குடத்து நீர் முழுவதையும் என் கால்களில் கவிழ்த்தார். தண்ணீர் லாரியில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் அது.

“ஐயோ, குடிக்கற தண்ணியாச்சே!”

“பின்ன, உன் பாட்டில் தண்ணிலயா கழுவுறது?”

மாணவர்கள் வந்தபோது, அவருடைய கணவரின் லுங்கியில் தேநீர்க் குவளையுடன் அமர்ந்திருந்தேன். அவர்கள் திகைத்து நிற்க, “நாந்தான் டீய கொட்டிட்டேன்பா. சாரு பேன்ட்டு வீணாப்பூட்ச்சி,” என்று பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டார்.

இன்றும் என்னைக் கண்டால், “நண்டு கெட்ச்சிச்சா சாரே?” என்று மட்டும் கேட்பார். பக்கத்தில் நிற்கும் மாணவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

இனி விளங்கட்டும், சிரிக்கவும் செய்யட்டும். வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை என் மானத்துக்காகக் கவிழ்த்தவரைப் பற்றி, அந்த மானத்தையே கருதி நான் இன்னும் வாய் மூடியிருப்பது முறையன்று.