எத்தனை தட்டு?

நாகல் நகருக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டிய சந்தில், "உனக்கு எத்தனை பிள்ளை?" என்று அமலராணி ஒரே ஒரு வீட்டில்தான் கேட்டாள். கேட்ட கையோடு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"கோழிக்குஞ்சா டீச்சர், எண்ணிப் பாக்குறதுக்கு?" என்றாள் வீட்டுக்காரி. பக்கத்தில் நின்றவள் தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். வாய்விட்டு எண்ணினால் எண்ணிக்கை குறைந்துவிடும் என்பது அங்கே தாய்மார்களுக்கு உள்ள பயம்.

ஆனால் எண்ணித்தான் ஆக வேண்டும். விடியுமுன் அம்மாக்கள் வெங்காயப்பேட்டைக்கும் தோல்ஷாப்புக்கும் போய்விடுவார்கள். ஏழு வயதுப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்து திரிவார்கள். மத்தியானச் சோறு பாதி நாள் இருக்காது. ஒரு பால்வாடி வந்தால் சின்னதுகளுக்குச் சோறு, பெரியதுகளுக்குப் பள்ளிக்கூடம். நாற்பது பிள்ளைகளின் பெயரோடு பட்டியல் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அது 1996.

அமலராணி டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள். மகள் ஷைனி நாலு வயதில் காய்ச்சலில் போனாள். அதன்பின் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போன கணவன் ராயப்பராஜ் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தான். பிறகு அதற்கும் வரவில்லை. சாயங்கால வகுப்பு முடிந்தால் வீட்டில் அவளிடம் பேச ஆளில்லை. சந்துக்கு வந்தாள்.

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. காதுகுத்துக்குத் தாய்மாமன் என்ன செய்யாவிட்டாலும் பிள்ளையின் பெயர் வெட்டிய சின்னத் தட்டு ஒன்று வாங்கி வருவான். அமலராணி அதைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை தட்டு வச்சிருக்கீங்க?"

"ஏண்டி, டீச்சரு சட்டிபானையக் கணக்கெடுக்க வந்திருக்காங்க. நமக்குச் சீர் செய்யப் போறாங்க போலருக்கு!"

சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்துக் காட்டினார்கள். தட்டுக்குக் கண்ணு படாது. வெட்டிய பெயரைப் படித்து எழுதிக்கொண்டாள். சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்த ராமுத்தாயும் இரண்டு தட்டை எடுத்து வைத்தாள். நாகஜோதி. முகேஷ்குமார். அதோடு நாற்பது சரியாக வந்தது.

இரண்டு மாதம் கழித்து அதிகாரியம்மாள் பட்டியலோடு நேரில் வந்தார். பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்திப் பெயர் வாசித்தார். முப்பத்தொன்பது பேர் வந்தார்கள்.

"முகேஷ்குமார்?"

யாரும் வரவில்லை. ராமுத்தாய் நாகஜோதியைத் தூக்கி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பையன் எங்கம்மா?"

"ஊர்ல இருக்கான்" என்றாள்.

பையன் உள்ளேதான் இருக்கிறானோ என்று அமலராணி அவள் வீட்டு வாசலில் குனிந்து உள்ளே பார்த்தாள். நாகஜோதியின் தட்டு சோற்றுப் பருக்கையோடு கிடந்தது. மற்றது பளபளவென்று தேய்த்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து அமலராணி தேய்த்து வைக்கும் ஷைனியின் தட்டும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கும். தட்டை வைத்து எண்ணியவளுக்கு இது தோன்றாமல் போய்விட்டது.

வெளியே வந்தாள். குடிவந்த இடத்தில் ராமுத்தாய் யாரிடமும் சொல்லாத சாவை எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் பட்டியல் பொய்யில்லை என்றாகும்.

"நாந்தான் தப்பா எழுதிட்டேன், மேடம்."

"எண்ணிக்கை பத்தாதுன்னு ஒரு பேரச் சேத்திருக்கீங்க, இல்ல?"

"ஆமா மேடம்."

அதிகாரியம்மாள் ஃபைலை மூடினார். "இனி அடுத்த வருசம் பாக்கலாம்."

ஜீப் போனதும் காத்தமுத்து கூட்டத்திலிருந்து கத்தினான். "நம்ம பிள்ளைக சோத்துல மண்ணு விழுந்துச்சு. பிள்ளை அரும தெரியாதவங்கள நம்புனா இப்படித்தேன்!" யாரும் அவனை அடக்கவில்லை. ராமுத்தாய் மட்டும் அமலராணியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் அமலராணி வந்தால் சில வீடுகளில் கதவு திறக்காது. ஆனாலும் போனாள். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். இந்த முறை தட்டைப் பார்த்துவிட்டு, அதில் சாப்பிடும் பிள்ளையையும் ஒரு கண் பார்த்த பிறகுதான் பெயர் எழுதினாள்.

1998 ஜூனில் வாடகை வீடொன்றில் பால்வாடி வந்தது. முதல் நாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவர வேண்டும். யாராவது தட்டில்லாமல் வந்தால் கொடுக்கலாம் என்று அமலராணி ஷைனியின் தட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தாள்.

வரிசையில் நாகஜோதி நின்றாள். அவள் கையிலிருந்த தட்டில் 'முகேஷ்குமார்' என்று வெட்டியிருந்தது. ஆயா சோறும் பருப்பும் போட்டாள். ராமுத்தாய் வாசலில் நின்று, மகள் கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்பதைப் பார்த்துவிட்டு வெங்காயப்பேட்டைக்குப் போனாள்.

அன்றைக்குத் தட்டில்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அமலராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.