டிரைவருக்கு வைக்கும் பொட்டலம்

ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீருடை என் மகளுக்குச் சேரவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த தையல்காரரிடம் கூட்டிப் போனேன். அவர் டேப்பை இடுப்பில் சுற்றிப் பார்த்தார். வழக்கமாக அளவைச் சத்தமாகச் சொல்கிற ஆள். அன்று சொல்லவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டு, "பெரிய ஆளுக்கு எடுக்கிற மாதிரி துணி எடுத்தாந்துடு" என்றார். மகள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வளர்கிற பிள்ளை, சதை பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஜனங்களில் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. "நல்லா வளத்திருக்க" என்பார்கள்.

நான் தனியார் பஸ் ஓட்டுகிறேன். கடலூர், சிதம்பரம். ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. புதுச்சத்திரம் தாண்டி ரோட்டோரம் ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கே பத்து நிமிடம் வண்டி நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள், தின்பண்டம் வாங்குவார்கள். வண்டியை நிறுத்துகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ சும்மா. கடைசி நடை திரும்பும்போது ஆளுக்கு ஒரு பொட்டலமும் வைப்பார்கள். இது ரோட்டோரக் கடைகளில் உள்ள வழக்கம்தான். யாரும் பேசி வைத்துக்கொண்டது கிடையாது. இரண்டு பப்ஸ், ஒரு தேங்காய் பன், கிரீம் கேக், சில நாள் வெண்ணெய் பிஸ்கட். கடைக்காரர் கட்டிக் கொடுப்பார், நான் வாங்கிக்கொள்வேன்.

அது நேராக வீட்டுக்கு வரும். மகளுக்கு மூன்று வயதிலிருந்து வந்தது. காலையில் நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டு ஓடி வருவாள். அவளுக்கு நான் கொடுத்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் வகுப்பு டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார். மாடிப்படி ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள், டாக்டரிடம் காட்டவும் என்று. ஓய்வு நாள் பார்த்து மூவரும் போனோம்.

டாக்டரம்மா மகளை எடை மெஷினில் ஏற்றினார். அறுபத்தொன்று. பதினோரு வயது. உயரமும் பார்த்தார். பிறகு பின்னலைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக, தடித்து, பட்டை மாதிரி இருக்கும்.

"எவ்ளோ நாளா இப்புடி இருக்கு?"

"அது அழுக்குங்கம்மா" என்றாள் என் மனைவி. "ஒழுங்கா குளிக்க மாட்டா. நானும் பீர்க்கங்கா நார் போட்டுத் தேய்க்கிறேன், பயத்தமாவு போடுறேன், போவ மாட்டேங்குது."

"இது அழுக்கு இல்லம்மா. உடம்பு சர்க்கரைய சமாளிக்கக் கஷ்டப்படுது. அதான் தோல்ல காட்டுது. தேச்சா போவாது. தேய்க்காதீங்க."

என் மனைவி மகளின் பின்னலை இறக்கிவிட்டாள். இரண்டு வருடமாகத் தேய்த்திருக்கிறாள். மகள் குளியலறையில் கத்துவது எனக்கும் கேட்கும். "அழுக்கு மூட்டடி நீ" என்று இவள் திட்டுவதும் கேட்கும். நானும் சரி என்றுதான் இருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். சர்க்கரை விளிம்பில் நிற்கிறது. இன்னும் வியாதி ஆகவில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம். ஏறியிருந்தால் மாத்திரை ஆரம்பிக்க வேண்டி வரும்.

"பதினோரு வயசுலயா?" என்றேன்.

"ஆமாங்க. அது வேணாம்னுதான் ஆறு மாசம் சொல்றேன்."

பட்டினி போடக் கூடாது என்றார். எடை இறங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஏறாமல் இருந்தால் போதும், பிள்ளை உயரமாகும், உயரம் எடையை வாங்கிக்கொள்ளும். தினம் நடக்க வேண்டும். வீட்டில் யாரும் குண்டு என்று சொல்லக் கூடாது. அவளுக்கென்று தனிச் சாப்பாடு வேண்டாம், அவள் சாப்பிடுவதையே எல்லோரும் சாப்பிட வேண்டும்.

"சாப்பாட்டுக்கு நடுவுல என்னா சாப்புடுறா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "பிஸ்கட்டு, அந்த மாதிரி" என்றேன்.

டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்தார். "நீங்களும் மெஷின்ல ஏறுங்க பாப்போம்."

"வண்டிக்கு நேரமாயிடுச்சி" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று எனக்கு ஓய்வு நாள்.

அவர் சொன்னதில் பாதியைத்தான் செய்தோம். மனைவி ஒரு சின்னத் தட்டு வாங்கினாள். மகளுக்கு அதில் இரண்டு இட்லி, ஒரு கரண்டி சோறு. எங்களுக்குப் பழைய தட்டில் பழையபடி. மீன் வறுவல் எங்களுக்கு, குழம்பு மீன் அவளுக்கு. அவள் குனிந்து சாப்பிடுவாள். சீக்கிரம் முடித்துவிடுவாள், முடித்த பிறகும் எங்கள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் கொஞ்சம் திரும்பி உட்காருவேன்.

பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டு வருவதை நிறுத்தினேன். ஆனால் வாங்குவதை நிறுத்தவில்லை. வேண்டாம் என்றால் கடைக்காரர் ஏதாவது நினைப்பார். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. கடலூர் முதுநகர் வந்ததும் பயணிகள் இறங்குகிற நேரத்தில் நானே சாப்பிட்டுவிடுவேன். ஒரு மாதம் இப்படிப் போனது. மருந்துக்கடை எடை மெஷினில் மகள் ஒன்றரை கிலோ ஏறியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளைக் காணோம் என்று மனைவி தேடினாள். வீட்டுக்குப் பக்கவாட்டில் என் ஸ்கூட்டர் நிற்கும். அதன் பின்னால் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் கிரீம் கேக். முந்தின நாள் என்னால் முழுதும் தின்ன முடியாமல் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்து மறந்துவிட்டேன். வெயிலில் கிரீம் உருகிக் காகிதத்தில் ஒட்டியிருந்தது. காகிதத்தோடு வழித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கேர்ந்துடி கெடச்சுது?" என்று மனைவி கத்தினாள்.

"அப்பா வண்டியில இருந்துச்சி."

மனைவி என் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் கேட்டாள்.

"நீ தெனமும் துன்றியாப்பா?"

"ம்."

"எனக்கு மட்டும்தான் வேணாமா? உன்னையும்தான் டாக்டர் மெஷின்ல ஏறச் சொன்னாங்க. நீ செருப்பு மாட்டிக்கிட்டு ஓடியாந்துட்ட."

நான் ஸ்கூட்டர் சீட்டை மூடினேன். அவள் அழவில்லை. காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அங்கே எடை பார்க்கிற மெஷின் ஒன்று உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சீட்டு வந்தது. தொண்ணூற்றேழு. அவளிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, என்னைவிட ஜாஸ்தி" என்றாள். வீட்டுக்கு வந்ததும் சீட்டை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடைசி நடையில் கடைக்காரர் பொட்டலத்தை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"ஏன் டிரைவரே, கொறைச்சலா இருக்கா? இன்னும் ரெண்டு பப்ஸ் வைக்கிறேன்."

"அதெல்லாம் இல்ல. வேணாம்."

அவர் முகம் மாறியது. அந்த ரோட்டில் டிரைவர் பொட்டலம் வேண்டாம் என்றால் நாளையிலிருந்து வண்டி வேறு கடையில் நிற்கப்போகிறது என்று அர்த்தம். சற்றுத் தள்ளிப் புதிதாக ஒரு கடை திறந்திருந்தார்கள்.

"அவன் என்னா தரான்னு சொல்லு, நானும் தரேன்" என்று பெரிய பையை எடுத்துக் கேக்காக அடுக்க ஆரம்பித்தார். பயணிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் நடுவில் புகுந்தான். "டிரைவர் மச்சானுக்கு வேணாம்னா எங்கிட்ட குடுங்க. எனக்குச் சக்கரையும் இல்ல, சொரணையும் இல்ல."

பயணிகள் சிரித்தார்கள். நான் வீட்டு விஷயத்தை வெளியில் பேசுகிறவன் இல்லை. அன்று சொன்னேன். "எம் பொண்ணுக்குச் சர்க்கரை வரப் பாக்குதுங்க. எட்டு வருசமா உங்க பொட்டலத்தத்தான் குடுத்தேன். உங்க மேல தப்பு இல்ல. வண்டி இங்கதான் நிக்கும்."

அவர் கையை எடுத்தார். கேக்கைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "டீயாவது குடிப்பியா?"

"சக்கரை இல்லாம."

மறுவாரம் பொட்டலத்தில் வேர்க்கடலை, எங்கள் ஊரில் மல்லாட்டை, அவித்துக் கட்டி வைத்திருந்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் மூன்று பேரும் உரித்துத் தின்றோம்.

சின்னத் தட்டை மனைவி பரணில் போட்டாள். மூன்று பேருக்கும் ஒரே அளவுத் தட்டு, ஒரே சாப்பாடு. சோற்றைப் பாதியாக்கி, காயைக் கூட்டினாள். மீன் குழம்பில்தான், எனக்கும். முதல் பத்து நாள் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஸ்டியரிங் பிடிக்கும்போதே பசித்தது. மகளுக்கு ஒரு மாதமாக இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓய்வு நாளில் நானும் அவளும் நடப்போம். வேலை நாளில் அவள் அம்மா கூட்டிப் போவாள். கெடிலம் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவது கணக்கு. முதல் நாள் பாலத்துக்குப் பாதி வழியிலேயே நான் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது. அவள் எனக்கு முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வாப்பா, பிரேக் போட்டுட்டியா?"

டீக்கடையில் நின்ற பையன்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். "டேய், பஸ்ஸு போவுது பார்றா, பின்னாலயே வேனும் போவுது." எனக்குச் சுருக்கென்றது. மகள் என் கையைப் பிடித்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள். "நான்தான் வேனு. வேன்தான் முன்னால போச்சு. அவனுக்குப் பாக்கக்கூடத் தெரியல."

அதற்குப் பிறகு யார் முதலில் பாலத்தைத் தொடுவது என்று ஆனது. மூன்றாவது மாதம் வரை அவள்தான் தொட்டாள். பிறகும் அவள்தான்.

எல்லா நாளும் ஒழுங்காகப் போகவில்லை. மழை மாதத்தில் இரண்டு வாரம் நடக்கவே இல்லை. கீரப்பாளையத்தில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டுக் காது குத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போனோம். சிதம்பரத்தில் இறங்கி வண்டி மாறும்போதே மனைவி சொன்னாள், அங்கே யாரும் எதுவும் சொல்லாதீங்க என்று. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

"என்னா மாப்ள, எம் மருமவள பட்டினி போடுறீங்களாமே? புள்ள எளச்சிப் போச்சு பாருங்க."

எடை அப்போது அரைக் கிலோகூட இறங்கவில்லை. உயரம்தான் கூடியிருந்தது. அவருக்குப் பாசம். அவள் இலைப் பக்கத்திலேயே நின்று லட்டு வைத்தார், பிரியாணி வைத்தார். அவள் சாப்பிட்டாள். நான்கு லட்டு. மனைவி என் காலை மிதித்தாள், நான் சும்மா இருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். முதுநகர் வந்ததும் கேட்டாள்.

"நாளைக்கு நடக்கப் போறோமாப்பா?"

"போறோம்."

அவ்வளவுதான் பேச்சு.

ஆறாவது மாதம் காலையில் வெறும் வயிற்றோடு போனோம். இந்த முறை நானும் ரத்தம் கொடுத்தேன். நர்ஸ் ஊசியை எடுத்ததும் மகள் என்னைப் பார்த்து, "கண்ண மூடிக்கோ, வலிக்காது" என்றாள். நான் மூடிக்கொண்டேன். முடிவு வர ஒரு மணி நேரம் ஆனது. பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மனைவி பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். மகள் கேட்டாள், "மாத்திர குடுத்தா ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போவணுமா? எல்லாரும் பாப்பாங்களா?" ஆறு மாதத்தில் அவள் மாத்திரையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. மனதில் வைத்துக்கொண்டேதான் நடந்திருக்கிறாள்.

டாக்டரம்மா மெஷினில் ஏற்றினார். அறுபது. உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை விளிம்பிலிருந்து இறங்கியிருந்தது.

"மாத்திரை வேணாம்" என்றார். "இப்புடியே போங்க. விட்டுடாதீங்க. விட்டா திரும்ப வரும்."

மகள் தலையை ஆட்டினாள். மனைவி அவள் பின்னலைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள், "இது எப்பங்கம்மா போவும்?"

"மெதுவாதான் போவும். கொஞ்சம் வெளுத்திருக்கு பாருங்க."

எனக்கு வெளுத்த மாதிரி தெரியவில்லை. மனைவி தெரிகிறது என்றாள். அந்தப் பீர்க்கங்காய் நாரை அவள் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாள். மகளிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. தலை வாரும்போது கழுத்தில் சீப்பு படாமல் வாருகிறாள்.

பிறகு டாக்டரம்மா என் காகிதத்தை எடுத்தார். என்னுடையது விளிம்பில் இல்லை. தாண்டிப் பல நாள் ஆகியிருக்கும் என்றார். சீட்டில் மாத்திரை எழுதினார், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. வண்டி ஓட்டுகிறவர் இதில் விளையாடக் கூடாது என்றார். சரி என்றேன்.

மறுநாள் பேக்கரியில் வண்டி நின்றது. கடைக்காரர் சர்க்கரை இல்லாத டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"பொண்ணுக்கு என்னா சொன்னாங்க?"

"மாத்திர வேணாம்னுட்டாங்க."

"நல்லதாப் போச்சு டிரைவரே" என்றார். அவருக்கும் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. என் சங்கதியை அவரிடம் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினேன். சட்டைப் பையில் மாத்திரை அட்டை இருந்தது. அதன் மேல் மகள் ஸ்கெட்ச் பேனாவில் வேன் படம் போட்டு, இந்தத் தடவை பஸ்ஸை அதற்கு முன்னால் போட்டிருந்தாள்.