வெள்ளிப் புள்ளி வைத்த இன்ஜின்

சந்தேகப்படாத லாரி ஓனரும், சந்தேகத்துக்கு ஆளாகாத மெக்கானிக்கும் எனக்குத் தெரிந்து இன்னும் பிறக்கவில்லை. பட்டறை நடத்துகிற புண்ணியவான்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்பேனரைத் தொட்டால் 'நல்ல சாமானைக் கழட்டறான்' என்பார்கள். தொடாமல் நின்றால் 'நாளைக் கடத்தறான்' என்பார்கள்.

கடலூரில் ஒரு பெரிய பட்டறையில் பல வருடம் கை கறுத்துவிட்டு, சிதம்பரம் பைபாஸ் ஓரம் தகரக் கொட்டகை போட்டு நான் தனியாக உட்கார்ந்தது இரண்டாயிரத்து ஏழில். பிரேக், கிளட்ச் என்று சில்லறை வேலைகள்தான் வந்தன. முழு இன்ஜினை நம்பிக் கொடுத்த முதல் ஆள் பெண்ணாடம் பக்கத்துச் செல்வராசு. அவருக்கு ஒரே ஒரு லாரி, கரும்பு ஏற்றி மில்லுக்கு அடிக்கிற பிழைப்பு. வண்டியில் இருந்ததோ சின்ன இன்ஜின். லோடு ஏற்றினால் வெள்ளாற்றுப் பாலத்து ஏற்றத்தில் முக்கி முனகி நின்றுவிடும். பெரிய இன்ஜின் வேண்டும், ஆனால் புதுசு வாங்க வழியில்லை. பெரிய துளை உள்ள பிளாக் என்கிற உடம்பையும், அதற்குள் சுழலத் தோதான கிராங்க் தண்டையும் பழசில் தேடிப் பிடித்து, மற்றதை முடிந்தவரை அவர் இன்ஜினிலிருந்தே எடுத்துச் சேர்த்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அரவை தொடங்கும்போது வண்டி மில் வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவருக்கு அந்த சீசன் போச்சு. எனக்கோ, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பழைய முதலாளியிடமே திரும்பிப் போக வேண்டியதுதான்.

சொந்த நாற்காலி

வேலை ஆரம்பித்த அன்று செல்வராசு பைக்கின் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பட்டறையில் உட்கார ஸ்டூல் இருக்கிறதே என்றேன். அது ஆடுகிறது என்றார். நாற்காலியை இன்ஜினுக்கு நேர் எதிரே போட்டு, காலை அகட்டி உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு போல்ட்டைக் கழற்றினால் அது போய்ச் சேரும் டப்பா வரைக்கும் அவர் கண் கூடவே போகும். டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை, டீதான் அவரிடம் வந்தது.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, என் மேல அவ்ளோ சந்தேகமா?" என்று கேட்டேவிட்டேன். அவர் பதறிப்போய் எழுந்தார், பிறகு நிதானமாக மறுபடி உட்கார்ந்தார்.

"சேச்சே, ஒங்க மேல இல்ல மேஸ்திரி. ஊர்ல நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க, அவுங்க சொல்றது பொய்யின்னு நிரூபிக்கத்தான் ஒக்காந்திருக்கேன்."

உளி வெட்டு

பிளாக் கிடைத்தது கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு பாயின் காயலான் கடையில். செல்வராசு பின்னால் நிற்க, நான் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் மாவு பூசிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து மாவில் கோடு காட்டிக் கொடுத்துவிடும். கோடு எதுவும் வரவில்லை. வரவில்லையே என்பதே எனக்குச் சந்தேகமாகி, இன்னொரு தடவை பூசினேன்.

நாங்கள் வண்டியில் ஏற்றப் போகும்போது பாய் உளியும் சுத்தியலுமாக வந்து, பிளாக்கின் ஓரத்தில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு வெட்டு வெட்டினார். எதற்கு என்றேன். உடைந்த வேறு பிளாக்கைக் கொண்டுவந்து 'இதுதான் நீ கொடுத்தது' என்று யாராவது நின்றால் கண்டுபிடிக்க வேண்டாமா என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. செல்வராசு மட்டும் அந்த வெட்டை ஆசையோடு தடவித் தடவிப் பார்த்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"வாங்கறப்ப எல்லாரும் நல்லவங்கதான் தம்பி, திருப்பிக் குடுக்க வர்றப்பதான் ஆளு யாருன்னு தெரியும்," என்றார் பாய்.

மச்சானின் லேத்

பழசில் தேடிப் பிடித்த கிராங்க்கைத் தீட்டிச் சரிசெய்யக் கடலூரில் பாபுவின் லேத்துக்குக் கொண்டுபோனேன். பாபு என் மனைவியின் அண்ணன். தொழிலில் சுத்தம், வாயில்தான் கொஞ்சம் உப்பு ஜாஸ்தி. 'வச்சிட்டுப் போ, நாளைக்கு வா' என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் வேறு கிராங்க்கை மாற்றிவிடுவான் என்று நினைக்கவில்லை. அவசரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் என் கொட்டகை காலி என்ற பயம். ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு மிஷினுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, செல்வராசு காலை அகட்டுகிற மாதிரியே நானும் அகட்டியிருக்கிறேன்.

பாபு மிஷினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என் தங்கச்சியவே ஒன்ன நம்பிக் குடுத்துட்டேன் மச்சான், இந்த இரும்ப நீ என்ன நம்பி வுட்டுட்டுப் போவ மாட்டியா?"

சுற்றாத கிராங்க்

கிராங்க் உட்கார்ந்து சுழல்கிற அரைவட்ட பேரிங்குகளை மட்டும் செல்வராசு தானே வாங்கிவந்தார். நான் வாங்கினால் கடையில் கமிஷன் அடிப்பேனாம். வாங்கியதைப் பட்டறையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், மாட்டுகிற அன்றுதான் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். துடைத்து, ஆயில் விட்டு, கிராங்க்கை இறக்கி, மூடிகளை முறையாக முறுக்கினேன். கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். அசையவில்லை. கம்பி கொடுத்து நெம்பினேன், முரண்டு பிடித்தது.

வெட்டுப் பட்டிருந்த கரும்பு வயலில் காய்கிறது, மில்லில் அரவை இரண்டொரு நாளில் ஆரம்பம். செல்வராசு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். நான் பாபுவுக்குப் போன் போட்டு, அளவு தெரியாதவன் லேத் வைக்கக்கூடாது என்று கத்தினேன். பிளாக் கோணலாக இருக்குமோ என்று பாயையும் விட்டுவைக்கவில்லை. பாபு பஸ் பிடித்து வந்தான், அளவுக் கருவியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு. கிராங்க்கைத் தூக்கச் சொன்னான், அளந்தான், என் கருவியாலும் அளக்கச் சொன்னான். இரண்டும் ஒன்றையே காட்டின. பிளாக்கையும் அளந்தோம், அதிலும் கோணல் இல்லை.

"அப்ப மிச்சம் இருக்கறது நீ மாட்டுன மாட்டுதான் மச்சான்," என்றான் பாபு.

அடையாளம்

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பேரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லாவற்றிலும் நடுவில் ஒரே இடத்தில் பளபளவென்று ஒரு தேய்மானம். ஒரு பேரிங்கில் இருந்தால் தற்செயல், எல்லாவற்றிலும் எப்படி இருக்கும்? திருப்பி முதுகுப் பக்கம் விரலை ஓட்டினேன். பேரிங்கின் நிறத்திலேயே, கண்ணுக்குத் தெரியாமல், விரலுக்கு மட்டும் தட்டுப்படுகிற ஒரு சின்ன மேடு. நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது.

நெயில் பாலிஷ். வெள்ளிக் கலர். மயிரிழை இடைவெளியில் சுழல வேண்டிய கிராங்க்கை, முதுகில் மேடு தட்டிய பேரிங் எல்லாம் சேர்ந்து கவ்விப் பிடித்திருக்கின்றன. நானும் பாபுவும் ஒரே நேரத்தில் நீல நாற்காலியைப் பார்த்தோம். செல்வராசு தரையைப் பார்த்தார். பாய் போட்ட உளி வெட்டு மனசுக்குள்ளேயே நின்றுவிட்டதாம். நான் புது பேரிங்கை வைத்துக்கொண்டு பழசை மாட்டிவிடக் கூடாதே என்று, மகளின் பாட்டிலை எடுத்து, எனக்குத் தெரியாத இடமாக, தெரியாத கலராகப் பார்த்து வைத்திருக்கிறார். அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். ஆனால் அந்த மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை. பெயிண்ட் கரைக்கிற தின்னர் தொட்டு எல்லாப் புள்ளியையும் துடைத்து, மறுபடி மாட்டினேன். ஒற்றைக் கையால் சுற்றினேன், சமர்த்தாகச் சுற்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாபு தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான், வாசல் வரை போய்த் திரும்பினான்.

"லேத்துக்காரன திட்டறதுக்கு முன்னாடி, இனிமே பேரிங் முதுக சொறிஞ்சிப் பாரு மச்சான்."

பாலம்

முதல் லோடில் நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். செல்வராசுதான் ஓட்டினார். கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளாற்றுப் பாலத்து ஏற்றம் வந்தது. அவர் கண்ணாடியில் புகையைப் பார்த்தார், நான் காதை மட்டும் தீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். முக்கல் இல்லை, முனகல் இல்லை. கண்ணைத் திறந்தபோது பாலத்தின் உச்சியில் இருந்தோம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. செல்வராசு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏறிடுச்சி மேஸ்திரி... எதுக்கும் அடுத்த லோடுக்கும் நீங்க கூட வந்துடுங்க."

பரிசு

சீசன் முடிய அவர் இரண்டு லாரிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவருக்கும் முழு இன்ஜின் வேலை. கடலூர் முதலாளியின் முகம் அதன்பிறகு என் கனவில் வரவில்லை. போகும்போது செல்வராசு நீல நாற்காலியை என் பக்கம் தள்ளி, "இது ஒங்களுக்குத்தான், நம்ம ஞாபகமா வச்சிக்குங்க," என்றார். நெகிழ்ந்துபோய்விட்டேன். ஒரு வழியாக மனுஷன் என்னை நம்பிவிட்டார் என்று வீட்டிலும் சொன்னேன்.

தீபாவளிக்குப் பட்டறையைக் கழுவியபோது நாற்காலியைக் கவிழ்த்தேன். அடியில், மையத்தில், வெள்ளிக் கலரில் ஒரு புள்ளி. அன்றே போன் போட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"குடுத்தது குடுத்ததுதான் மேஸ்திரி, நாளைக்கி நான் வந்து ஒக்காரறப்ப அதே நாற்காலிதானான்னு தெரியணும்ல?"

லாரிக்காரர் நம்மை நம்பிவிட்டார் என்பதற்கு இந்தத் தொழிலில் ஒரே அத்தாட்சி, அடையாளம் போடும் இடத்தை இன்ஜினிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொள்வதுதான்.