கோயிலில் சொன்ன பேர், கந்தோரில் சொல்லாத பேர்

2018 மாசி மாதம். லண்டனிலிருந்து வந்த கடிதத்தை எனக்கு வாசித்துச் சொன்னவர் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடையின் முதலாளி. பாரிஸ் லா சப்பலில், முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டு பக்கக் கடிதம். அவர் வாய் திறந்து சொன்னது கொஞ்சம்தான்.

"தங்கச்சி, இந்தப் பிள்ளையளுக்கும் இவருக்கும் என்ன உறவு எண்டதுக்கு ஆதாரம் இல்லையாம். பாஸ்போட் குடுக்கேலாதாம்."

"இவர்" என்றது என் கணவரை. என் இரண்டு பிள்ளைகளையும் பெற்ற தகப்பனை. ஆதாரம் இல்லாமல் போனதற்கு வேறு ஒருவரும் காரணமில்லை, நான்தான். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பிள்ளையார் எனக்குச் செய்ததை மட்டும் சொல்லிவிட்டு நான் செய்ததை மறைத்தால் இது சாட்சி ஆகாது.

என் கணவர் தவராசா. எங்களுக்குக் கலியாணமாகும்போதே அவர் லண்டனில் பிரித்தானியக் குடியுரிமை எடுத்திருந்தார். நான் பாரிசில் அகதி அட்டையோடு இருந்தேன். 2008இல் இங்கேயே ஒரு மண்டபத்தில் தாலி கட்டினோம். அரசாங்கத்தில் கலியாணத்தைப் பதிகிற எழுத்தைப் பிறகு வைப்போம் என்று விட்டுவிட்டோம். அவருக்கு லண்டனில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை கோச் பஸ் ஏறி வருவார். நான் பாரிசுக்கு வெளியே பொபினியில் மச்சாள் வீட்டில் ஒரு அறையில் இருந்தேன்.

2009 ஐப்பசியில் எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அருண், ஆரணி. அந்த வருடம் எங்கள் சனத்துக்கு எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அழுது அழுது வயிற்றில் சுமந்த பிள்ளைகள். வலி தொடங்கியதும் அவர் ஓடி வந்தார். பிரசவ அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளே வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. "பதிவை நீர் பாத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது இங்கே பிறப்பை மூன்று நாளுக்குள் நகரசபையில் பதிய வேண்டியிருந்தது. மெரி என்று நாங்கள் சொல்வது அதைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்தே ஒருவர் கடுதாசிகளைக் கொண்டுபோய்ப் பதிந்துகொண்டு வருவார். அவர் என் கட்டிலடிக்கு வருவதற்கு முதல் மச்சாள் வந்துவிட்டா.

"தேப்பன்ரை பேரைக் குடுக்காதை. தனிய இருக்கிறன் எண்டு சொல்லு. ரெண்டு கைக்குழந்தையோடை தனிய எண்டால் அரசாங்க வீடு கெதியாக் கிடைக்கும். இஞ்சை ஆர் வந்து பாக்கப்போகினம்?"

அவவில் பிழை சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிந்த நாலு பேர் செய்ததை அவ சொன்னா. பதிகிறவர் வந்து தகப்பன் யார் என்று கேட்டபோது, இல்லை என்று தலையை ஆட்டியது நான்தான். பிள்ளைகளுக்கு என் தகப்பனின் பேரே குடும்பப் பேராகப் பதியப்பட்டது. என் கணவரின் பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன். "கடுதாசியிலை தானே. என்ரை பிள்ளையள் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீடு கிடைத்தது. திரான்சியில், மூன்றாம் மாடி, இரண்டு அறை. குடி புகுந்த கிழமையே ரூ பஜோல் தெருவில் இருக்கிற பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறியதில்லை. ஐயர் பேர், நட்சத்திரம் கேட்பார். முதலில் அவர் பேரைத்தான் சொல்வேன். தவராசா, பூரட்டாதி. பிறகு பிள்ளைகள், கடைசியில் நான். கோயிலில் நாங்கள் நாலு பேர், அரசாங்கக் கந்தோரில் மூன்று பேர். வீட்டைப் பற்றி விசாரித்துக் கடிதம் வரும்போதெல்லாம் "கணவர் இல்லை" என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். எட்டு வருடம் அப்படிப் போட்டேன். அப்போதெல்லாம் ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2017இல் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். மாதாந்தக் கோச் பயணம் நின்றது. பிள்ளைகளைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று விசாவுக்குப் போட்டோம். மறுத்துவிட்டார்கள். பிறகு லண்டனில் சட்டம் தெரிந்த ஒருவர் அவருக்கு விளங்கப்படுத்தினார். தகப்பன் பிரித்தானியராக இருக்கும்போது பிறந்த பிள்ளைகள், வெளிநாட்டில் பிறந்தாலும் பிறந்த அன்றைக்கே பிரித்தானியர்தானாம். புதிதாக ஒன்றும் கேட்கத் தேவையில்லை, இவர்தான் தகப்பன் என்று காட்டினால் பாஸ்போட் வரும். அதைக் கேட்டுவிட்டு நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பிள்ளைகளுக்குப் பிறக்கும்போதே இருந்ததை நானல்லவா பறித்து வைத்திருந்தேன்.

அவர் கைப்பட ஒரு கடிதம் எழுதி வைத்து விண்ணப்பித்தார். அதற்கு வந்த பதில்தான் முதலாளி வாசித்தது.

அன்று வெள்ளிக்கிழமை. கடையிலிருந்து நேரே கோயிலுக்கு நடந்தேன். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். "ஆற்றை பேருக்கம்மா?" என்று ஐயர் கேட்டார். கந்தோரில் இல்லை என்று சொன்ன மனிசனை இங்கே எந்த முகத்தோடு சொல்வது? பின்னால் வரிசை நின்றது. ஐயர் இன்னொருமுறை கேட்டார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தூணோரம் போய் இருந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் பாஸ்போட் கேட்கவில்லை. "பிள்ளையாரே, நான் போய் உண்மையைச் சொல்லப்போறன். வீடு போனால் போகட்டும். பிள்ளையளை அவரிட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்று மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை எங்கள் பகுதிச் சமூக உதவியாளரிடம் போனேன். பிரெஞ்சுப் பெண். எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவ எழுதிக்கொண்டே இருந்தா. தனித் தாய் என்று கிடைக்கிற உதவிகள் நிற்கும், வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள், தெரியுமா என்று கேட்டா. தெரியும் என்றேன். பேனையை வைத்துவிட்டு, பிள்ளைகள் பிறந்தபோது அவர் பக்கத்தில் நின்றாரா என்று கேட்டா. ஓம் என்றேன். அப்படியானால் ஆஸ்பத்திரியில் உன் பிரசவக் குறிப்புகள் உள்ள கோவையைக் கேட்டு எழுதுவோம் என்றா. அப்படி ஒரு கோவை இருப்பதே எனக்குத் தெரியாது.

ஐந்து கிழமை ஒன்றும் வரவில்லை. கோவை வந்த நாள் சதுர்த்தி. தற்செயல் என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். சமூக உதவியாளர் அதில் ஒரு வரியைக் கோடிட்டுக் காட்டினா. தகப்பன் பிரசவத்தின்போது நின்றார், இரண்டு தொப்புள்கொடிகளையும் அவரே வெட்டினார். அதற்குக் கீழே அவருடைய முழுப் பேரும் லண்டன் தொலைபேசி எண்ணும். மருத்துவிச்சி கேட்க, வலியோடு வலியாக நான்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஞாபகமே இல்லை. பொய் சொன்னது அதற்கு அடுத்த நாள். அந்த ஒரு வரியைப் பிள்ளையார் எட்டு வருடமாக எனக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் என்றுதான் நான் நம்புகிறேன்.

பிள்ளைகளைத் தன்னுடையவர்கள் என்று அவர் மெரியில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை டயலிசிஸ் முடித்துவிட்டு ரயில் ஏறினார். கார் து நோர் நிலையத்தில் இறங்கிய மனிதரைப் பார்த்து ஆரணி என் பின்னால் ஒளித்தாள். அவ்வளவு மெலிந்திருந்தார். சனி காலை மெரியில் அவர் கையெழுத்து வைக்கும்போது அருண் பிரெஞ்சில் என்னிடம் கேட்டான், இவ்வளவு நாளும் அப்பா எங்கள் அப்பா இல்லையா என்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டா. நான் அவனிடம் தமிழில் சொன்னேன்.

"எப்பவும் அப்பாதான். அம்மாதான் பொய் சொன்னவ."

அவர் என்னைப் பார்த்தார். "ஏன் இப்ப அழுறீர்? அதுதான் வந்திட்டனே" என்றார்.

ஆஸ்பத்திரிக் கடுதாசியோடு பாஸ்போட் விண்ணப்பத்தை மறுபடி அனுப்பினோம். 2019 சித்திரையில் இரண்டு பாஸ்போட்டுகளும் வந்தன. அடுத்த வெள்ளி பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய் அவற்றை அர்ச்சனைத் தட்டில் வைத்தேன். ஐயர் பேர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அருண் முந்திக்கொண்டான். வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை.

"தவராசா. பூரட்டாதி. எங்கட அப்பா."

வீட்டை எடுக்கவில்லை. உதவிகள் நின்றன, மாலையில் கந்தோர் துப்பரவு வேலைக்கும் போகிறேன். கலியாண எழுத்தும் வைத்துவிட்டோம். விடுமுறை விட்டால் பிள்ளைகள் லண்டனில், டயலிசிஸ் கட்டிலடியில் அவரோடு சீட்டு விளையாடுகிறார்கள். நடுவில் அவர் பிள்ளைகளைக் காணாமல் கிடந்த நாட்களை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதற்கு நான் இன்னும் ஒவ்வொரு வெள்ளியும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப்போல் ஒரு பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு நித்திரை இல்லாமல் இருக்கிற ஒருத்தி இருப்பாள். அவளுக்குத்தான் சொல்கிறேன். பயப்படாதே, பிள்ளையார் கைவிட மாட்டார். ஐயர் கேட்கும்போது சொல்கிற பேரையே கந்தோரிலும் போய்ச் சொல்லு.