மூன்று சிலிண்டரில் ஒரு குளிர்காலம்

உறைபனி விழுந்த காலைகளில் அந்தச் சாம்பல் நிறக் கார் உறை அப்பளம் போல விறைத்துக் கிடக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மேலே படிந்த பனி நொறுங்கி என் செருப்புக்குள் விழும். உள்ளே, தரையோடு தரையாக, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். என்னுடையதல்ல. லண்டனின் மோர்டனில் நான் மாடி அறையில் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரியான, நான் அக்கா என்று கூப்பிட்ட இலங்கை மன்னார்க்காரியுடையது. ஒரு குளிர்காலம் முழுக்க அதை அவர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். கணினியைத் தவிர வேறு எந்த இயந்திரத்தையும் திறந்து பார்த்திராத என்னை எப்படி நம்பினார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அக்காவின் உயரம் ஐந்தடியைத் தொடாது. அவர் ஓட்டியதோ இரட்டைமாடி பஸ். இருபது வருடமாக லண்டன் தெருக்களில் அதை வளைத்துத் திருப்பிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதில் இந்தக் காரை வாங்கினார். ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். “கிழமை முழுக்க ஊர்ச்சனத்தை ஏத்தி இறக்கிறன். ஒரு நாளெண்டாலும் பின்னாலை ஆளில்லாமல் ஓடவேணும்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாராம். அதைக் கேட்ட நாளிலிருந்தே எனக்கு அவர்மேல் ஒரு பிரமிப்பு.

அந்த வீட்டில் கராஜ் இல்லை. இப்போது என் வீட்டில் இருக்கிறது, அதில் நிற்பது அட்டைப்பெட்டிகள்தான். அக்காவின் கார் மழையிலும் பனியிலும் வாசல் சிமெண்ட் தரையில்தான் நின்றது. பனி உருகுவதற்காகச் சாலையில் கவுன்சில்காரர்கள் உப்புத் தூவத் தொடங்குமுன், ஒரு வெயில் நாளாகப் பார்த்து அடிப்பாகம் வரை கழுவுவார். நாள் முழுக்கக் காயவிட்டு, மெழுகு தேய்த்து, டாங்கியை நிரப்பி, டயர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடிப்பார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் துருவேறி ஒட்டிக்கொள்ளும் என்று அதை விட்டுவிட்டுச் சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுப்பார். கடைசியில் அந்தத் துணி உறை. “பிளாஸ்டிக்காலை மூடினால் உள்ளுக்கை வேர்க்கும், கறள் பிடிக்கும். அதுக்கும் மூச்சு விடவேணும்” என்பார். துருவைத்தான் கறள் என்பார். நான் மாடி ஜன்னலிலிருந்து டீயும் கையுமாக வேடிக்கை பார்ப்பேன்.

அந்த நவம்பரில் அவருடைய இடக்கண்ணின் விழித்திரை பிரிந்துவிட்டது. உடனே அறுவைச் சிகிச்சை. அதன்பின் இரண்டு வாரம் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும். அதற்கப்புறமும் பல மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. பார்வை திரும்புமா, மறுபடி வண்டி ஓட்ட விடுவார்களா என்பது குளிர் முடிந்துதான் தெரியும் என்றார்கள். முன்னறை மேசையில் தலையணை வைத்து அதில் நெற்றியைப் பதித்திருந்தவர், தலையைத் தூக்காமலே சாவியை நீட்டினார். “கண்ணை டொக்டர்மார் பாக்கட்டும். காரை நீங்கள் பாருங்கோ, தம்பி. நான் ஏறேக்கை அது ஸ்டார்ட் ஆகவேணும்.”

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு உறையை எடுத்து, சக்கரங்கள் அரைச் சுற்று உருளக் காரைத் தள்ளி, எஞ்சினை ஓடவிட்டு, சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் அணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த நேரத்தில் அக்கா முன்னறை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்திருப்பார். காற்றுக்காக என்று நினைத்தேன்.

சொன்னதை மட்டும் செய்திருந்தால் வம்பே இல்லை. காருக்குள் ஈரம் தங்காமலிருக்க, கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வைக்கச் சொல்லியிருந்தார். என் புத்தி வேறு பக்கம் ஓடியது. திருநெல்வேலியில் எங்கள் வீட்டு உப்பு டப்பாவில் அம்மா நாலு அரிசி போட்டு வைப்பார், உப்பு கசியாது. டப்பாவுக்கு நாலு என்றால் காருக்கு நாலு கிலோ. பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்து, அரிசியைக் கட்டி, இருக்கைகளுக்கு அடியில் வைத்தேன். அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜனவரியில் உறையைத் தூக்கியபோது பைகள் கந்தலாகக் கிடந்தன. இருக்கையின் ஓரம் பிய்ந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்தது. லண்டன் எலிகளுக்குப் பொன்னி அரிசி பிடித்துப்போய்விட்டது. முன்மூடியைத் திறந்தால் ஒயர்களிலும் பல் பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றுக்கு டேப் சுற்றி எஞ்சினைக் கிளப்பினேன். இருமி இருமி ஓடியது. உள்ளே போனேன்.

“எல்லாம் ஒழுங்கோ, தம்பி?”

“ஆமாக்கா, நல்லா இருக்கு.”

“ஓம், சந்தோசம்.”

பாதிப் பார்வையோடு எதிர்காலம் தெரியாமல் உட்கார்ந்திருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம்தான். அதன்பிறகும் மூன்று முறை இதே கேள்வி, இதே பொய்.

மார்ச்சில் டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். இடக்கண் திரும்பாது. பஸ் இனி ஓட்ட முடியாது. ஒற்றைக் கண்ணுக்குப் பழகியபின் கார் மட்டும் ஓட்டலாம். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் கூட்டி வந்தேன். வாசலில் நின்று, உறை போட்ட காரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நாளைக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ” என்றார். “தைப்பொங்கலிலை இருந்து அது நாலிலை மூண்டு சிலிண்டரிலைதான் ஓடுது.”

ஜன்னல் எதற்காகத் திறந்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

“தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கல?”

“கேட்டனான்தானே, நாலு தரம். நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பார்வை திரும்பாது என்று தெரிந்த அதே நாளில், வேலை போன அதே நாளில், என் வெட்கத்தைக் குறைப்பதற்காகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மறுநாள் மெக்கானிக் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எலிகள் பதுக்கியிருந்த அரிசியை வாரி வாரிப் போட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “ஒரு பொங்கல் வைக்க இது காணும்” என்றார்.

மே மாதம் டாக்டர் அனுமதித்தார். பஸ் டிப்போவில் சீருடையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. காரில்தான் போவேன் என்றார். கூரையை மடித்துவிட்டு, இடப்பக்க இருக்கையில் என்னை உட்காரச் சொன்னார். சாவியைத் திருப்பினார். நான்கு சிலிண்டரும் சேர்ந்து உறுமின. கிளம்பாமல், தலையை முழுக்க என் பக்கம் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார்.

“நான் பாத்துத்தான் ஓடுவன். எண்டாலும் இடப்பக்கம் என்ன வருதெண்டு நீங்களும் சொல்லவேணும், தம்பி. இந்த முறை மறைக்கக் கூடாது.”

டிப்போ வரைக்கும் நான் வாயை மூடவேயில்லை. சைக்கிள், தள்ளுவண்டி, வேன், நாயோடு ஒரு கிழவர் என்று வந்ததையெல்லாம் சொன்னேன். நடைபாதையில் நின்ற புறாவைக்கூடச் சொன்னேன்.